வாசகர் கேள்வி பதில்: 19 ஆண்டுகள் காத்திருந்து பார்த்த படம்

நீண்ட இடைவெளிக்குப் பின் எடுக்கப்படும் தொடர்ச்சிப் படங்கள் இரசிகர்களை ஏன் இரண்டு கட்சியாக்கிவிடுகின்றன என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சில வரிகளில் பதில் எழுதி, பழம்பொருள் தேடி அலையும் ஒரு வீரரைப் பற்றிய ஹொலிவூட் படங்களான இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் நான்காம் படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தேன். அந்தச் சில வரிகளுக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிரப்பிவிட்டபடியால், வேறு விடயங்களைக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், இப்போது கல்லடியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் மின்சாரம் இல்லாத காலத்தில் டெக்கையும் ஜெனரேட்டரையும் வாடகைக்குக் கொண்டுவந்து, விடிய விடியப் படம் போடுவார்கள். அப்படித்தான் இந்தியானா ஜோன்ஸ் படங்கள் மூன்றையும் பார்த்தேன். ஆங்கிலம் தெரிந்த ஒரு அண்ணன் பக்கத்தில் இருந்து கதையைச் சொல்லுவார். மூன்றாவது படம் 1989 இல் வந்தது, நான்காவது 2008 இல் வந்தது. அதைப் பார்த்தபோது முதல் அரை மணித்தியாலம் கண் கலங்கியது, கடைசி அரை மணித்தியாலம் கோபம் வந்தது. "படத்தில் பிழையில்லை, உனக்குத்தான் வயது போய்விட்டது" என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். யாரில் பிழை, ஐயா?
(வாசகர், கல்லடி)

பதில்: உங்கள் கூட்டாளிமார் சொல்வதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. வயதுதான் காரணம் என்றால், படம் தொடங்கியவுடனேயே உங்களுக்கு அலுப்புத் தட்டியிருக்க வேண்டும். ஒரே இரவில், ஒரே கதிரையில் இருந்து பார்த்த ஒருவருக்குத் தொடக்கம் நெஞ்சைத் தொட்டு முடிவு எரிச்சலூட்டியது என்றால், அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறியது படமே தவிர, பார்த்தவர் அல்லர். முதலாவது படத்தை நாற்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்து வாய்பிளந்தவர்களை நான் அறிவேன் என்பதால், வயது என்ற சாக்கு இந்த இடத்தில் செல்லாது.

தொடக்கம் ஏன் தொட்டது என்பதை முதலில் பார்ப்போம். நெவாடா பாலைவனத்தில் ஒரு காரின் பின்பெட்டியிலிருந்து யாரையோ இழுத்து நிலத்தில் போடுகிறார்கள். முதலில் தெரிவது ஒரு தொப்பி. பிறகு அதை எடுத்துத் தலையில் வைக்கும் மனிதரின் நிழல் காரின் பக்கவாட்டில் விழுகிறது. அதன் பின்னரே முகத்தைக் காட்டுகிறார் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். நம்முடைய வடமோடிக் கூத்தில் அருச்சுனனுடைய வரவுக்காகச் சபை எப்படிக் காத்திருக்குமோ அப்படித்தான் இதுவும்: கதை எல்லாருக்கும் தெரியும், வரப்போகிறவர் யார் என்பதும் தெரியும், ஆனால் வரவுத் தாளம் சரியாக விழுந்தால்தான் அவர் களரிக்குள் வந்ததாகக் கணக்கு. அந்த வரவு சரியாக விழுந்தது; நீங்கள் கலங்கினீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதோடு, அந்தத் தொடக்கத்தில் வயதை மறைக்காத ஒரு நேர்மையும் இருந்தது. மூன்றாம் படத்தின் கதை 1938 இல் நிகழ்கிறது, நான்காவதன் கதை 1957 இல் நிகழ்கிறது. வெளியே நாம் காத்திருந்த 19 ஆண்டுகளே கதைக்குள்ளும் கழிந்திருக்கின்றன. படப்பிடிப்பு நடந்த 2007 இல், ஜோன்ஸாக நடிக்கும் ஹரிசன் போர்டுக்கு 65 வயது. மூன்றாம் படத்தில் ஜோன்ஸின் தந்தையாக நடித்த ஷோன் கொனரி ஓய்விலிருந்து வெளியே வர மறுத்துவிட்டார். ஜோன்ஸின் நண்பர் மார்க்கஸ் பிரோடியாக நடித்த டென்ஹோம் எலியட் 1992 இலேயே காலமாகிவிட்டார். இருவரும் மேசைமேல் இருக்கும் படங்களாக வருகிறார்கள். இந்தப் பகுதியை எடுத்தவர்கள், போன காலம் போனதுதான் என்பதை அறிந்தே எடுத்திருக்கிறார்கள்.

கோபம் எங்கே தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் காட்டுக்குள் நடக்கும் வாகனத் துரத்தலில்தான் தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்த வரிசையில் நாம் காதலித்தது புதையலை அல்ல, அடிபட்டால் நோகும் ஒரு மனிதரை. முதல் படத்தில் உருண்டு வரும் பெரிய பாறை கண்ணாடியிழையால் செய்யப்பட்டதுதான், எனினும் அதன் முன்னால் ஓடியவர் போர்ட். லொறியின் அடியில் இழுபட்டுப் போனவர் உயிருள்ள ஒரு சண்டைக் கலைஞர். நாகபாம்புக்கும் நடிகருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தட்டு வைத்திருந்தார்கள். அதில் பாம்பின் பிம்பம் தெரிவதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்த பின்பும் அந்தக் காட்சி பயமுறுத்தும். தந்திரம் தெரிந்தும் பயம் போகாததற்குக் காரணம், அங்கே ஏதோ ஒரு பொருள் உண்மையாகவே பாரத்தோடு இருந்தது என்பதே.

நான்காம் படத்திலும் அது முற்றாக இல்லாமற் போகவில்லை. பல்கலைக்கழக நகரத்துத் தெருக்களில் நடக்கும் மோட்டார் சைக்கிள் துரத்தல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் உண்மையான வண்டிகளோடு எடுக்கப்பட்டது. போர்ட் ஒரு காரின் யன்னலுக்குள்ளால் இழுபட்டு மறுபக்கத்தால் வெளிவரும் காட்சி பழைய படங்களுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. ஆனால் அமேசன் என்று காட்டப்படும் காட்டுக்குள் புகுந்தவுடன், ஜோன்ஸோடு வரும் இளைஞன் இரண்டு வாகனங்களில் கால் பரப்பி நின்று வாட்சண்டை போடுகிறான். குரங்குகளோடு கொடியில் தொங்கிப் பறக்கிறான். செங்குத்துப் பாறையிலிருந்து பாயும் வாகனத்தை ஒரு மரம் தாங்கி ஆற்றில் மெதுவாக இறக்கிவிடுகிறது. பிறகு மூன்று நீர்வீழ்ச்சிகள், ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. அந்தக் காட்டின் பெரும்பகுதியைப் பிற்பாடு கணினி வரைந்தது என்பது எனக்குப் பிரச்சினையல்ல. விழுந்தால் சாவோம் என்ற அச்சம் அந்த ஆட்களுக்கே இல்லாமற் போனதுதான் பிரச்சினை. அவர்களுக்கே இல்லாத அச்சம் நமக்கு எப்படி வரும்?

வேற்றுலக உயிர்களைக் கொண்டுவந்ததற்காகப் பலர் இப்படத்தைத் திட்டுகிறார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. பழைய மூன்று படங்களும் 1930களின் மலிவு விலைச் சாகசத் தொடர்களைப் பின்பற்றியவை. கதை 1950களுக்குப் போகும்போது அந்தக் காலத்து மலிவுப் படங்களான பறக்கும் தட்டுக் கதைகளைப் பின்பற்ற வேண்டும் என்று, இந்த வரிசையைக் கற்பனை செய்த ஜோர்ஜ் லூக்காஸ் பிடிவாதமாக நின்றார். ஸ்பீல்பேர்க்குக்கும் போர்டுக்கும் அதில் நெடுநாள் உடன்பாடு இருக்கவில்லை. யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. நியாயமான யோசனையை அரை மனதோடு எடுத்ததால்தான் முடிவு அப்படி வெளிறிப் போனது என்று நினைக்கிறேன்.

கேள்வி: அந்த வரிசையின் இரண்டாம் படத்தில் அறுந்து விழும் தொங்குபாலம் நமது நாட்டில்தான் இருந்தது என்று என் தகப்பனார் சொல்லுவார். இந்தியாவில் நடக்கும் கதை அல்லவா அது?
(வாசகி, அம்பாறை)

பதில்: தகப்பனார் சொன்னது முற்றிலும் உண்மை. படக்குழு முதலில் ராஜஸ்தானில் எடுக்கத்தான் திட்டமிட்டது. திரைக்கதையைப் படித்த இந்திய அரசு பல மாற்றங்களைக் கேட்க, குழு 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அப்போது மகாவலியில் விக்டோரியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது; அங்கு வேலை செய்த பிரித்தானியப் பொறியியலாளர்களின் உதவியோடுதான் அண்மையிலிருந்த ஒரு பள்ளத்தாக்குக்குக் குறுக்கே அந்தப் பாலம் அமைக்கப்பட்டது. பார்வைக்குக் கயிறு, உள்ளே இரும்பு வடம். அறுத்து விழுத்துவது ஒரு முறைதான் முடியும் என்பதால், பல கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கைகால் உதறும் பொறி பொருத்திய பொம்மைகளைப் பாலத்தில் நிறுத்தி, வெடி வைத்தார்கள். நான் மேலே சொன்ன பாரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அம்பாறையில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு வேடிக்கையும் பிடிபட்டிருக்கும். வட இந்தியக் கிராமம் என்று சொல்லப்படும் அந்த ஊரில் சனங்கள் கதைப்பது சிங்களம். ஊர்ப் பெரியவராக வருபவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி.ஆர். நாணயக்கார, ஆங்கிலம் தெரியாத அவர், ஆங்கில வசனங்களைக் கமராவுக்கு அப்பாலிருந்து சொல்லிக்கொடுக்கக் கேட்டு அப்படியே ஒப்புவித்தார். உலகம் முழுவதும் ஏதோ ஓர் இந்திய மொழி என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருக்க, நம் நாட்டவர்கள் மட்டும் சிரித்திருப்பார்கள்.

சிரிக்க முடியாதவையும் அதில் உண்டு. குரங்கு மூளையைக் குளிர வைத்து விருந்தில் பரிமாறுவதும், காளியை நரபலி கேட்கும் பேயாகக் காட்டுவதும், பெரியபோரதீவு காளி கோயில் சடங்குக்கு நேர்த்தி வைத்துப் போகும் நம் மக்களுக்கு எப்படி இருக்கும் என்று அந்தக் கதையை எழுதியவர்கள் ஒரு நிமிடமும் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் அப்படத்துக்குச் சில காலம் தடையும் இருந்தது. காளியின் பூசாரியாக அம்ரீஷ் புரி நடித்த விதம் மட்டும், கதை எவ்வளவு அபத்தமானாலும், மறக்க முடியாதது.

குழு வேலையை முடித்துக்கொண்டு மே மாதத்தில் இலண்டன் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த 1983 யூலையை நம்மவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதற்குப் பிறகு வெகுகாலத்துக்கு இத்தகைய பெரிய ஹொலிவூட் குழுக்கள் எவையும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமற் போனதில் வியப்பில்லை.

கேள்வி: அணுகுண்டு வெடிக்கும்போது குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்து உயிர் தப்ப முடியுமா, சேர்? வகுப்பில் பெரிய சண்டையாகிவிட்டது.
(மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: முடியாது. நான்காம் படத்தில் ஜோன்ஸ் அப்படித்தான் தப்புகிறார்; பெட்டியில் ஈயம் பூசியிருப்பதாகப் படத்தில் ஓர் எழுத்து காட்டப்படுகிறது. ஈயம் கதிர்வீச்சைக் கொஞ்சம் தடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு தூரம் வீசப்பட்ட பெட்டி நிலத்தில் மோதி நிற்கும் அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவரின் எலும்பு ஒன்றும் மிஞ்சாது. மேலைநாட்டு இரசிகர்கள் ஒரு நல்ல தொடர் கெட்டுப்போகத் தொடங்கும் இடத்தைக் குறிக்க, இந்தக் குளிர்சாதனப் பெட்டியை வைத்தே ஒரு கேலிச் சொற்றொடரை உருவாக்கிவிட்டார்கள். அது தன்னுடைய அசட்டு யோசனைதான் என்று ஸ்பீல்பேர்க் ஒரு பேட்டியில் பழியை ஏற்றுக்கொண்டார். அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று லூக்காஸ் பின்னர் சொன்னார். இருந்தாலும், பிளாத்திக்குப் பொம்மைகள் குடும்பம் குடும்பமாக வைக்கப்பட்ட அந்த வெறும் ஊரும், அதற்கு மேலே எழும் புகைக் குடையின் முன்னால் சிறிதாக நிற்கும் கிழவரும் படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்பேன். வகுப்பில் இதையும் சொல்லிப் பாருங்கள். சண்டை இன்னும் கொஞ்ச நாள் போகும்.

கேள்வி: நான்காம் படத்தில் ஜோன்ஸ் தேடுவது போன்ற பளிங்கு மண்டையோடுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?
(வாசகர், கல்முனை)

பதில்: இருக்கின்றன, ஆனால் பழமையானவை அல்ல. இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகம் 1897 இல் ஒன்றை வாங்கி, மெக்சிக்கோவின் பழங்காலப் பொருள் என்று நெடுங்காலம் நம்பியிருந்தது. அதன் மேற்பரப்பை மின்னணு நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, சுழலும் சக்கரக் கருவியால் அறுத்துத் தேய்த்த தடங்கள் தெரிந்தன. ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய மெக்சிக்கோவில் அத்தகைய கருவி பயன்பாட்டில் இருக்கவில்லை. ஆகவே அது 19 ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பொருள் என்ற முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் பெரிய மண்டையோடும் பிற்காலத்தில் செய்யப்பட்டதுதான். இந்த ஆய்வு வெளியானது படம் வந்த அதே 2008 இல் என்பது ஒரு நல்ல தற்செயல்.

மிகப் பிரபலமானது, மிச்செல் ஹெட்ஜஸ் என்ற பிரித்தானியச் சாகசப் பயணியின் பெயரால் அறியப்படும் மண்டையோடு. பெலீஸ் நாட்டின் மாயா இடிபாடுகளுக்குள் சிறுமியாக இருந்தபோது தானே கண்டெடுத்ததாக அவருடைய வளர்ப்பு மகள் காலமெல்லாம் சொல்லிவந்தார். அவருடைய தந்தை அதை 1943 இல் இலண்டன் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கினார் என்பதற்குச் சான்று இருக்கிறது. பழம்பொருள் என்றால் அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும் என்று முழங்கும் ஒரு வீரருக்கு, அருங்காட்சியகத்தையே ஏமாற்றிய பொருளைத் தேடக் கொடுத்தார்கள் பாருங்கள். அந்தக் குறும்பைத் திரைக்கதை பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: முதல் படத்துக் காதலி மேரியனை நான்காவதில் திரும்பக் கொண்டுவந்தது தேவையா? வயதான காதலர்களைக் காட்டி அழ வைக்கப் பார்க்கிறார்கள் என்று என் தங்கை சொல்கிறாள்.
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: அழ வைக்கப் பார்த்தார்கள்தான், அதில் வென்றும் விட்டார்கள். கரன் அலன் 1981 இல் நடித்த பாத்திரத்துக்கு 27 ஆண்டு கழித்துத் திரும்பி வந்து முதன்முதலாகச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பில் எந்தக் கணினி வேலையும் இல்லை. இவரிடம்தான் ஜோன்ஸ் வசமாக மாட்டிக்கொண்டு திண்டாடுகிறார். இடையில் வந்த மற்றக் கதாநாயகிகளிடம் அந்தத் திண்டாட்டம் வேறு விதமானது. என் குறை எதிர்த் திசையில் இருக்கிறது: திரும்பக் கொண்டுவந்தவர்கள் அவருக்கு வாகனம் ஓட்டுவதைத் தவிரப் பெரிதாக வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் படத்தில் பனிமலை நாட்டில் தனியாக மதுக்கடை நடத்தி, ஆண்களைக் குடியில் தோற்கடித்த பெண் அவர். தங்கையிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: 2023 இல் வந்த ஐந்தாவது படம் நான்காவதை விட நல்லதா?
(வாசகர், ஏறாவூர்)

பதில்: சீரானது, ஆனால் உயிர் குறைந்தது. ஸ்பீல்பேர்க் இயக்காத முதற்படம் அது. ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கினார். 1944 இல் நிகழும் நீண்ட தொடக்கத்தில் போர்டின் முகத்தைக் கணினியால் இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் இளமைதான், குரலும் நடையும் எண்பதை நெருங்கிய ஒருவருடையவை. ரயிலின் கூரைமேல் ஓடும்போது அந்த உருவத்துக்குக் கால்கள் தரையில் பாவுவதாகவே தெரியவில்லை. நான்காம் படத்தின் காட்டுக்குச் செய்ததை இம்முறை நாயகனின் உடலுக்கே செய்துவிட்டார்கள்.

ஆனால் 1969 க்குக் கதை வந்ததும், உள்ளாடையோடு நின்று பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குக் கத்தும் கிழவரைப் பார்த்தவுடன் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாஞ்சியர் நகரத்து ஒழுங்கைகளுக்குள் ஓட்டோவில் நடக்கும் துரத்தலும் நன்றாக இருந்தது. மட்டக்களப்புச் சந்தை நெரிசலில் ஓட்டோவில் போய் வந்தவர்களுக்கு அதில் மிகை என்று ஒன்றும் தோன்றாது. கடைசியில் கதை கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் சிராகுஸ் நகர முற்றுகைக்கே போய் நிற்கிறது. இரசிகர்களில் பாதிப் பேர் அதைப் பரிகசித்தார்கள். வாழ்நாள் முழுவதும் பழம்பொருளைத் தோண்டிய ஒருவர் அந்தக் காலத்தையே கண்ணால் கண்டு, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சும் அந்த இடம், ஐந்து படங்களிலும் போர்ட் மிக நன்றாக நடித்த இடங்களில் ஒன்று என்பதே என் கருத்து.

கேள்வி: ஆறாவது வருமா?
(வாசகர், காத்தான்குடி)

பதில்: ஐந்தாவதே தன்னுடைய கடைசி என்று போர்ட் சொல்லிவிட்டார். அவரில்லாமல் வந்தால் நான் பார்ப்பேன், காத்திருக்க மாட்டேன்.

கேள்வி: என் பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவளுக்கு எட்டு வயது. இருவருக்கும் இந்தப் படங்களைக் காட்ட ஆசை. எந்த ஒழுங்கில் காட்டலாம்?
(தாய் ஒருவர், திருக்கோவில்)

பதில்: கதை நடக்கும் ஆண்டுப்படி பார்த்தால் இரண்டாவது படம் 1935 இலும் முதலாவது 1936 இலும் நிகழ்கின்றன, அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். முதலாவதையும் மூன்றாவதையும் அடுத்தடுத்த கிழமைகளில் காட்டுங்கள்; முதலாவதன் இறுதியில் முகங்கள் உருகும் இடத்தில் சின்னவளின் கண்ணை மூடிவிடுங்கள். தகப்பனும் மகனும் சண்டை பிடித்துக்கொண்டே போகும் மூன்றாவது, வீட்டில் எல்லாரும் சேர்ந்திருந்து பார்க்க மிகப் பொருத்தமானது. நான்காவதை, முந்தியவை நன்றாகப் பழகிய பிறகு, பள்ளிக்கூட விடுமுறையில் காட்டலாம். குரங்குக் காட்சியைச் சின்னவள் கட்டாயம் இரசிப்பாள், அப்போது நீங்கள் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் போதும். ஐந்தாவதை மூத்தவனோடு மட்டும் பாருங்கள். இரண்டாவதை இளையவளுக்கு இப்போதைக்குக் காட்ட வேண்டாம்: உயிரோடு இருக்கும் ஒருவரின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி அதில் உண்டு, பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் தணிக்கை வகை அமெரிக்காவில் 1984 இல் புதிதாக ஏற்படுத்தப்பட்டதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.